ஏழு ரூபாய்த் தோரணம்

கொசப்பேட்டையில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றே
கோகிலம்மா சொல்லிவிட்டார்:
அட்வான்ஸ் முப்பதாயிரம்,
மோட்டார் காசு தனி,
சுவரில் ஆணி கூடாது.
முன்பு இருந்தவர்கள் ஒன்று அடித்துவிட்டுப்
பற்பசையால் அடைத்துப் போயிருந்தார்கள்.
வெள்ளைச் சுவரில் இன்னும் கொஞ்சம் வெள்ளையாக
அது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

காலண்டர் பிரிட்ஜ் மேல் சாய்ந்திருக்கும்.
கல்யாணப் போட்டோ பீரோவுக்குள்
புடவைகளோடு நிற்கும்.

சித்திரையில் டிக்கெட் விலை ஏறியது.
ஆம்பூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் சம்பங்கி,
என் வீட்டுக்காரர்,
செல்லாமல் போன ஏழு ரூபாய்க் கட்டுகளை
முதலாளியைக் கேட்டு
சிமெண்டுப் பையில் சுமந்துவந்தார்.
அத்தனையும் ரோஸ் நிறம்.
எடைக்குப் போடலாமா என்றேன்.
கனிஷ்கா பையைக் கட்டிக்கொண்டாள்.
அவளுக்கு எட்டு முடிய இன்னும் ஒன்பது நாள்.

ஒன்பது நாளும் வீட்டில் மடிப்புச் சத்தம்.
குறுக்கே மடித்தால் விசிறி,
நான்கு விசிறி சேர்ந்தால் பூ.
ஒட்டுவதற்கு
மேல்விஷாரம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரைக் கெஞ்சி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் பசை கொண்டுவந்தேன்.
தோலையும் அட்டையையும் பிரியவே விடாத பசை.
சொல்லித்தான் கொடுத்தேன்.

ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்குக்
கொடி கட்டினாள்:
வேலூர், விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர்.
பேன் சுற்றினால் ஊர்கள்
முதுகைக் காட்டின.

கேக் அவருடைய பொறுப்பு.
ஓவன் ஏது, குக்கர்தான்.
விசிலைக் கழற்றி, கேஸ்கெட்டைக் கழற்றி,
அடியில் பாலாற்று மணல்,
மூன்று முறை சலித்து, கழுவி, வறுத்தது.
வெண்ணெயை உருக்கவே வேண்டாம்,
வேலூர் மே மாதம்,
அது முன்னமே உருகிக் காத்திருந்தது.
நாற்பது நிமிஷம் மூடியைத் திறக்காதீங்க என்றேன்.
நிறுத்தத்துக்கு நிறுத்தம்
கதவைத் திறந்து எட்டிப் பார்த்தே பழகிய மனிதர்
ஐந்து முறை திறந்தார்.

நடுவில் குழி.
மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.
"ஸ்பீடு பிரேக்கர் கவுந்து கீதுப்பா" என்றாள்.
மாம்பழத்தை அரிந்து கொட்டி மூடினேன்.

மெழுகுவத்தி ஏற்றும்போது கோகிலம்மா வந்தார்.
தோரணத்தைப் பார்க்கவில்லை,
அதன் நுனிகளைப் பார்த்தார்.
ஜன்னல் வரை போய் முடிச்சைத் தடவி,
ஆணி இல்லையென்று தெரிந்த பிறகுதான்
பூவுக்கு வந்தார்.
"ஏழு ரூபா டிக்கெட்டா?
நேத்து என்னாண்ட ஒம்பது வாங்கினாங்களே."
சம்பங்கி தலை நிமிராமல் கேக் வெட்டினார்.
முட்டை போட்டதா என்றார்.
போட்டது என்றேன்.
வெள்ளிக்கிழமை என்றார்.
முதலில் மாம்பழத்தை மட்டும் எடுத்தார்,
பிறகு தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு
மீதியையும்.

மறுநாள் காலை பருப்பு வேகவில்லை.
மூடியைச் சுற்றிலும் ஆவி.
கேஸ்கெட்டைக் காணோம்.
சிங்க்கில் இல்லை, மணலில் இல்லை,
கட்டிலடியில் போன வருஷத்து ரப்பர் பேண்டுதான் இருந்தது.

வாசல் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியிருந்தாள்:
வட்டம் முழுக்க ரோஸ் பூ,
விரல் நுழைய இடமில்லாமல்.
ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன்.
கம்பெனிப் பசை.
திட்ட வாயெடுத்த நேரம்
கோகிலம்மா மோட்டார் காசுக்கு வந்து
தாழ்ப்பாளைத் தூக்க முடியாமல் வெளியே நின்றார்.
"இன்னா இது?"
கனிஷ்கா என் முதுகுக்குப் பின்னால் போனாள்.

வளையத்தைக் கழற்றினார்.
முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்,
ரப்பரை முகர்ந்தார்.
உள்ளே வந்து
பற்பசை இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார்.
"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு.
அதுவும் இந்தப் பழைய ஓட்டையிலதான்."

ஆணியே அடிக்காத வீட்டில் சுத்தியல் ஏது?
பூரிக்கட்டையால் அடித்தார் சம்பங்கி.
பருப்பு பத்தரைக்குத்தான் வெந்தது.